மச்சான் வில்லையில் எழுபத்து மூன்று நாள்

அறுப்புக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் காலை, தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்தது. சின்னக் காலுக்குப் பொருந்துகிற மாதிரி விரல் பக்கம் சாக்குத் துணி அடைத்து வைத்திருந்தது. தரை கழுவுகிறவர்களுக்கு ஒரு மாதம் முடிந்தால்தான் பூட்ஸ் தருவார்கள். முதல் நாளே சோடாக் காரம் கலந்த தண்ணீரில் நின்று என் கால் இரண்டும் வெந்த மாதிரிச் சிவந்து, விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆண்டவன் கண் திறந்தான் என்று நினைத்து மாட்டிக்கொண்டேன்.

பதினோரு மணி வாக்கில் கொக்கி வரிசைப் பக்கம் கழுவப் போனேன். அங்கே ஒருத்தன் இரண்டு காலிலும் பிளாஸ்டிக் பையைச் சுற்றிச் சணல் கயிறு கட்டிக்கொண்டு, ரத்தத்தில் நின்று மாட்டைக் கிழித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி வந்தார்.

"பூட்ஸ் எங்கடா?"

"தொலைஞ்சு போச்சு."

"கால்ல கிடக்கிறது எப்படிடா தொலையும்?"

கேட்டுக்கொண்டே பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தார். அவன் கண்ணைக்கூட இமைக்கவில்லை. அவன் கையில் முழ நீளத்துக்குக் கத்தி இருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மெதுவாகத் தள்ளிப் போனார்கள். ஏன் தள்ளிப் போனார்கள் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. சம்மட்டி என்று கூப்பிடப்பட்ட அந்த ஆள், ஓர் அடியை வாங்கிக்கொண்டு சும்மா நின்றதை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லையாம்.

மாதம் முடிந்து எனக்கென்று பூட்ஸ் வந்ததும் பழையதைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு போனேன். "எந்த பூட்ஸ்?" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அதிலிருந்து என்னைத் தண்ணியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான். நான் தம்பி என்பேன்.

சம்மட்டி எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன். அவனுடைய அக்காவும் மச்சானும் முன்னாலேயே வந்து, மச்சான் எங்கள் கூடத்தில் வேலையில் இருந்தார். எட்டு வருஷம் கழித்து, இருபத்திரண்டு வயதில் இவன் வந்து சேர்ந்தான். அறுப்புக்கூடத்தில் யாரையும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். அந்த நாற்றத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் உள்ளூர்க்காரன் எவனும் வரமாட்டான். அதனால் அரசாங்கமே ஒரு விதி வைத்திருந்தது. வெளியிலிருந்து வந்தவன் இந்த மாதிரி வேலையில் பதினைந்து வருஷம் விட்டுப்போகாமல் நின்றால் அவனுக்குக் குடியுரிமைப் பத்திரம் உண்டு. அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் அதோடு சேர்ந்து கிடைக்கும். நடுவில் முப்பது நாளுக்கு மேல் வராமல் போனால் பழைய வருஷமெல்லாம் போச்சு. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் இங்கேயே பிறந்தவள். எனக்கு அந்தப் பத்திரம் அம்மா வயிற்றிலிருந்து வரும்போதே வந்துவிட்டது. அதற்காக நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. அதைப் பற்றி யோசித்ததும் கிடையாது, இவனைப் பார்க்கிற வரை.

வந்தார்களா இல்லையா என்பதற்கு அடையாளம் ஒரு பித்தளை வில்லை. உள்ளங்கையில் பாதி இருக்கும், நம்பர் அடித்திருக்கும். வாசலில் ஒரு பெரிய பலகையில் வரிசையாக ஆணிகள். உள்ளே வரும்போது அவரவர் ஆணியில் வில்லையை மாட்ட வேண்டும், போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கப்பிள்ளை பலகையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். முகத்தைப் பார்க்கமாட்டார். சம்மட்டியின் நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு. மச்சானுக்கு நூற்று எண்பத்தேழு.

சம்மட்டியின் முரட்டுத்தனத்தை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும். மாதத்துக்கு ஒரு சண்டையாவது இருக்கும். குடல் கழுவுகிற பெண்ணை ஒருத்தன் இடித்தான் என்று அவனைத் தூக்கிக் கொழுப்புத் தொட்டிக்குள் போட்டான். பேருந்தில் ஒருத்தன் இவன் மேல் நாற்றம் என்று மூக்கைப் பொத்தினான். இவன் அவன் மூக்கை இரண்டு விரலால் பிடித்து, இறங்குகிற நிறுத்தம் வரைக்கும் விடவில்லை. "நாத்தம் வருதா இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வந்தானாம். நான் திட்டுவேன்.

"கோபம் பொல்லாதது தம்பி. ஆண்டவன் பாத்துக்குவான், நீ எதுக்குக் கை நீட்டுற?"

"அவருக்கு ஆயிரம் வேலைக்கா. நான் ஒரு ஓரமா நின்னு உதவி செய்றேன்."

குழாயை அவன் பக்கம் திருப்பி விரட்டிவிடுவேன்.

நான் சேர்ந்த மறு வருஷம் அது நடந்தது. மேலே தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்த கொக்கி ஒன்று தெறித்து, பாதி மாடு அப்படியே மச்சான் மேல் விழுந்தது. மூன்று பேர் எடை. தொடை எலும்பு முறிந்த சத்தம் ரம்பம் ஓடுகிற இரைச்சலிலும் கேட்டது. வெள்ளையாக எலும்பு துணியைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. மனுஷன் கத்தவில்லை. "மாசம் ஏழு இருக்கு, மாசம் ஏழு இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதினான்கு வருஷம் ஐந்து மாதம் முடிந்திருந்தது. இன்னும் ஏழே மாதம். மருத்துவர் மூன்று மாதம் அசையக் கூடாது என்றுவிட்டார்.

எங்கள் கூடத்தில் வெளியாட்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வில்லை காக்கிறது என்பார்கள். ஒருத்தன் நோயில் படுத்தால் அவன் உறவுக்காரன் ஒருத்தன் அவன் வில்லையை ஆணியில் மாட்டிவிட்டு அவனுக்காக வேலை செய்வான். வாசல்காரருக்குத் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். மாடு கிழிபட்டால் போதும், கிழிக்கிற கை யாருடையதாக இருந்தால் என்ன என்று விட்டுவிடுவார்கள். தப்பு செய்கிறோம் என்று யாரும் நினைத்ததில்லை. படுத்தவன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரிதான் அதுவும்.

சம்மட்டி காலை முறைக்குத் தன் வில்லையை மாட்டினான், மாலை முறைக்கு மச்சான் வில்லையை மாட்டினான். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம். பதினோரு நாள் ஓட்டினான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. நின்ற இடத்தில் கண் சொருகும். பன்னிரண்டாம் நாள் மாலை, முறை ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில், முதுகெலும்பு பிளக்கிற ரம்பம் அவன் இடது கைக்குள் போனது. சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் போயின.

நான் பக்கத்தில்தான் குழாயோடு நின்றேன். ரத்தம் என் முகத்தில் அடித்தது. மாட்டு ரத்தம் பார்த்துப் பழகிய எனக்கு, இது வேறு என்று சூட்டிலேயே தெரிந்தது. அவன் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். மேஸ்திரி விபத்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"எந்த நம்பர்ல எழுதுறது? சொல்லித் தொலைடா."

பலகையில் தொங்குகிறது நூற்று எண்பத்தேழு. அந்த நம்பர்க்காரருக்கு வீட்டில் பத்து விரலும் இருக்கிறது.

"எழுதாதீங்க. ஒண்ணும் ஆகல."

"ரெண்டு விரல் போயிருக்கு, ஒண்ணும் ஆகலங்கிற."

"எட்டு இருக்குல்ல. எழுதாதீங்க சொல்றேன்."

எழுதவில்லை. பழைய துணியைத் தீயில் காட்டிச் சாம்பலாக்கி வைத்துக் கட்டினோம். அவன் என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு நான்கு நாள் கன்றிப்போயிருந்தது. பிறகு சாக்கடைச் சல்லடையில் ஒரு விரலைக் கண்டெடுத்தேன். இன்னொன்று கிடைக்கவில்லை. மனுஷ உடம்பாயிற்றே, எலும்புக் குவியலில் போட மனசு வரவில்லை. கைக்குட்டையில் சுற்றிப் பின்சுவர் ஓரம் தோண்டிப் புதைத்து, எனக்குத் தெரிந்த பிரார்த்தனையைச் சொன்னேன்.

மறுநாள் மாலை அந்தக் கட்டோடு வந்து மச்சான் வில்லையை மாட்டினான். அவனுடைய வில்லை சட்டைப் பையிலேயே இருந்தது. இரண்டு முறை நிற்க இனி உடம்பில் தெம்பில்லை. ஒன்றைத்தான் காக்க முடியும்.

"உன்னோட ஆறு வருஷம் போயிடுமே தம்பி" என்றேன்.

"ஆறுதானக்கா. மறுபடி எண்ணிக்கலாம். மச்சானோடது பதினாலு. வீட்ல நாலு பேரோட வாழ்க்கை அது."

எழுபத்து மூன்று நாள். எண்பத்தாறாம் நாள் மச்சான் ஊன்றுகோலோடு வந்து தானே வில்லையை மாட்டினார். அவரைத் தோல் அறையில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றினார்கள். சம்மட்டி தன் நானூற்றுப் பன்னிரண்டைப் புதிதாக மாட்டி, ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

மிச்சமிருந்த மாதங்களும் முடிந்ததும் மச்சானுக்கும் அக்காவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பத்திரம் கிடைத்தது. நானும் போயிருந்தேன். உள்ளே நான்கு பேரும் கையை உயர்த்திச் சத்தியம் செய்தார்கள். இவன் என்னோடு வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான், உள்ளே பத்திரக்காரருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான் இடம். வெளியே வந்ததும் எழுந்து கை கட்டி நின்றான்.

"ஐயா, நீங்க இந்த ஊர்க்காரங்களா? பாத்தா நல்லவங்களா தெரியுது. எனக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க."

"போடா" என்று மச்சான் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அக்கா இவனுடைய கட்டைக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பது வருஷம் ஓடியது. அதற்கப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது.

வேலையில்லாத் திண்டாட்டம், விலைவாசி, எல்லாவற்றுக்கும் வெளியாட்கள்தான் காரணம் என்று முதலில் மேடையில் பேசினார்கள். பிறகு சுவரில் எழுதினார்கள். பிறகு சட்டமே போட்டார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம் பதினேழாம் தேதி எல்லைக் கதவை மூடினார்களாம். அன்றைக்கு நாட்டுக்குள் இருந்தவன் இருக்கலாம். அன்றைக்கு இருந்ததற்குப் பதிவேட்டு ஆதாரம் காட்ட முடியாதவன், கதவு மூடிய பிறகு திருட்டுத்தனமாக நுழைந்தவன். அவனை அனுப்பிவிடுவார்கள். அக்கம்பக்கத்தார் வாய்ச்சொல் செல்லாது, பதிவேடு மட்டும்தான். ஏற்கெனவே பத்திரம் வாங்கியவர்களிலும், பொய்யான பதிவைக் காட்டி வாங்கியிருந்தால் அதுவும் ரத்து, குடும்பத்தோடு.

சட்டம் வந்த மறு வாரமே தெருவில் அடிதடி ஆரம்பித்துவிட்டது. விசாரணை முடியட்டும் என்று யார் காத்திருந்தார்கள்? காலை முறைக்கு வருகிற பேருந்தை எங்கள் வாசலுக்கு நூறு அடி முன்னால் முப்பது நாற்பது பேர் மறித்தார்கள். கையில் இரும்புக் குழாய், சைக்கிள் சங்கிலி. ஒவ்வொருத்தராக இறக்கி, பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். நான் என்னுடையதைக் காட்டினேன். "நீங்க போங்கம்மா" என்று மரியாதையாக வழி விட்டான் ஒரு பையன். எனக்குப் பின்னால் இறங்கியவர் தோலுக்கு உப்புப் போடுகிற பெரியவர். காது கேட்காது அவருக்கு. என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாமல் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டினார். குழாயால் மண்டையில் அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். தூக்கு உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

சம்மட்டி வாசலுக்குள்ளிருந்து ஓடி வந்தான். கையில் கத்தி இல்லை. கத்தி எடுத்தால் கொலை விழும் என்று வைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று பிறகு சொன்னான். முதல் ஆளின் கையைப் பிடித்து முழங்காலில் வைத்து ஒடித்தான், விறகு ஒடிக்கிற மாதிரி. அடுத்தவனை அவன் வைத்திருந்த சங்கிலியாலேயே சுற்றி இழுத்து வாசல் தூணில் மோதினான். இவனுக்கும் நெற்றி பிளந்து கண் இரண்டும் ரத்தத்தில் மூடிவிட்டது. கண் தெரியாமலே அடித்தான். உள்ளேயிருந்து மற்றவர்கள் வந்த பிறகுதான் கூட்டம் ஓடியது. உப்புப் போடுகிற பெரியவர் மத்தியானத்துக்குள் செத்துப்போனார். அவருக்கு நல்ல ஆதாரம் இருந்தது, பதினேழாம் தேதி உட்பட எல்லா நாளும் பதிவேட்டில் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் வாசல்காரர் சம்மட்டியையும் என்னையும் கணக்கறைக்குள் கூப்பிட்டார். பழைய பதிவேட்டைப் புரட்டி வைத்திருந்தார். அந்தப் பதினேழாம் தேதிப் பக்கம். நூற்று எண்பத்தேழுக்கு நேரே குறி இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டுக்கு நேரே ஒன்றும் இல்லை. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எழுபத்து மூன்று கட்டமும் வெறுமை.

"நீ வில்லை காத்த நாள்லதான்டா அந்தத் தேதி வருது" என்றார் வாசல்காரர்.

சம்மட்டி கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தான். "சுத்தமா இருக்கு" என்றான்.

நான் சொன்னேன், உண்மையைச் சொல்லிவிடு என்று. நான் வருகிறேன், வாசல்காரர் வருகிறார், மேஸ்திரி இருக்கிறார். அன்றைக்கு நீ இந்தக் கூடத்தில்தான் இருந்தாய், விரலை இங்கேதான் விட்டாய். அவன் என்னையே பார்த்தான்.

"எந்த நம்பர்ல இருந்தேன்னு கேப்பானே. அப்ப நூத்தி எம்பத்தேழுக்காரர் எங்க இருந்தாருன்னு கேப்பான். வீட்ல படுத்திருந்தாருன்னு சொன்னா, அவருக்குப் பதினஞ்சு வருஷம் கிடையாது. பத்திரம் பொய். மச்சான், அக்கா, பிள்ளைங்க, நாலு பேரையும் வண்டியில ஏத்துவான். ஒருத்தன் இறங்குறதுக்கு நாலு பேர் ஏறணுமா?"

"உனக்கு அங்க யாருடா இருக்கா?"

"யாரும் இல்லாததுனாலதானக்கா சுலபம்."

அவன் அக்காவுக்கும் இது தெரியும். மச்சான் படுத்திருந்த நாளெல்லாம் பக்கத்தில் இருந்தவள் அவள்தானே. நான் அவள் வீட்டுக்குப் போனேன். பெரிய பெண்ணின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சீப்பு நின்றது. பிள்ளையின் தலையைத் தன் மடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அவளைக் குறை சொல்ல என் நாக்கு இன்றைக்கும் எழாது.

மச்சானால்தான் தாங்க முடியவில்லை. மூன்று நாள் சாப்பிடவில்லையாம். விசாரணைக்கு முதல் நாள் தோல் அறையில் என்னிடம் வந்து, "நாளைக்கு நான் போய்ச் சொல்லிடப் போறேன். என்னால முடியல" என்றார். நான் அதைச் சம்மட்டியிடம் சொன்னேன். சொன்னது சரியா தப்பா என்று ஆண்டவனிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

விசாரணை பழைய தானியக் கிடங்கில் நடந்தது. முற்றத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். சுற்றிலும் போலீஸ். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மச்சான் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தாள். சம்மட்டி வரிசையை விட்டு விலகி அவர் எதிரில் போய் நின்றான்.

"மச்சான், வீட்டுக்குப் போங்க."

"தள்ளுடா."

"உங்களுக்கு இங்க என்ன வேலை? பத்திரக்காரர் வர்ற இடமா இது?"

"உன்னைத் தின்னுட்டு உக்காந்திருக்கச் சொல்றியா? கண்ணாடியில என் முகத்தைப் பாக்க முடியல. உள்ள போய் நான் சொல்லத்தான் போறேன். அந்த எழுபத்து மூணு நாளும்..."

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. சம்மட்டியின் வலது கை அவர் தாடையில் இறங்கியது. மாட்டின் தலையில் சுத்தி இறங்குகிற சத்தம் எனக்குத் தெரியும், பத்து வருஷத்துக்கு மேல் தினமும் கேட்டது. அந்தச் சத்தம்தான். மச்சான் ஊன்றுகோலோடு சாய்ந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, பல் இரண்டு ரத்தத்தோடு சட்டையில் விழுந்தது. அவர் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார், நாக்கு மட்டும் அசைந்தது. தாடை தொங்கியது. சம்மட்டி குனிந்து இன்னொரு தடவை ஓங்கினான். அடிக்கவில்லை. பேச்சு வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை என்று தெரிந்ததும் கையைக் கீழே போட்டான்.

அப்புறம் போலீஸ் அவன் மேல் விழுந்தது. ஆறு பேர். தடியால் முதுகில், முழங்காலில், பின்மண்டையில். இத்தனை வருஷத்தில் அவனுடைய எத்தனையோ சண்டை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவன் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. தரையில் முகம் பதிந்து கிடந்தவன், கண்ணை மட்டும் திருப்பி அக்காவைப் பார்த்தான். அவள் புருஷன் தலையை மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் ஒரு பெண் "சொந்த மச்சானையே அடிக்கிறானே, மிருகம்" என்றாள். இன்னொருத்தி "இவங்களையெல்லாம் அனுப்பினாத்தான் ஊர் உருப்படும்" என்றாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையால் புருஷன் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போய் விசாரணை அதிகாரி முன் நிறுத்தினார்கள். கதவு திறந்திருந்தது, நான் வாசலில் நின்றேன். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எழுபத்து மூணு நாள் எங்க போயிருந்த?"

"சும்மா வீட்ல படுத்திருந்தேன்."

"எல்லை தாண்டிப் போய்ட்டு, கதவு மூடினப்புறம் திருட்டுத்தனமா வந்திருக்க."

"நீங்க எழுதறதை எழுதுங்க."

"கையில என்ன ஆச்சு?"

"பல் தேய்க்கும்போது கடிச்சிட்டேன்."

அதிகாரி மேசையில் கிடந்த கனமான முத்திரைக் கட்டையால் அவன் வாயிலேயே ஒரு அடி கொடுத்தார். பிறகு அதே கட்டையை மையில் தொட்டுக் காகிதத்தில் குத்தினார். பதினாறு வருஷம் இந்த ஊர் மாட்டையெல்லாம் கிழித்தவன் அந்த ஒரு குத்தில் அந்நியன் ஆனான். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு, சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. ஐந்து வருஷத்தில் ஆட்சி மாறி, எடுத்துவிட்டார்கள். பழைய பத்திரங்களை இனி யாரும் தோண்டக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. மச்சானும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அடிபட்ட தாடைக்குக் கம்பி போட்டு ஏழு வாரம் வாய் கட்டியிருந்தது. அக்கா குழாய் வைத்துப் பால் கொடுத்தாள். கட்டு அவிழ்ந்த அன்றைக்கே அவர் என்னைத் தேடி வந்தார், இப்போதாவது போய்ச் சொன்னால் அவனைத் திரும்பக் கூட்டி வருவார்களா என்று கேட்டார். அப்போதுதான் சம்மட்டி சொல்லி அனுப்பியதை அவரிடம் சொன்னேன். மனுஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து வேலையில் இருக்கிறார்கள். அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது. சம்மட்டியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வண்டி எல்லை வரைக்கும் போனது என்று மட்டும் தெரியும். அதற்கு அந்தப் பக்கத்திலும் இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று சொல்லித் துப்பாக்கியால் சுட்டார்கள் என்றும் ஒரு பேச்சு வந்தது. தினமும் அவன் பேரைச் சொல்லிப் பிரார்த்தனை செய்கிறேன். உயிரோடு இருக்கிறவனுக்குச் சொல்வதா, போய்ச் சேர்ந்தவனுக்குச் சொல்வதா என்று தெரியாமல் இரண்டையும் சொல்கிறேன்.

அனுப்பின அன்றைக்குக் காலை எட்டு மணிக்குக் கிடங்கின் பின்பக்கம் போனேன். வரவேண்டாம் என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தானாம், அவளோடு பார்த்தால் யாராவது எதையாவது முடிச்சுப் போடுவார்கள் என்று. மாடு ஏற்றுகிற லாரிதான். பின்பலகையைத் திறந்து, கைகளைக் கம்பியால் கட்டி, தடியால் இடுப்பில் குத்திக் குத்தி ஏற்றினார்கள். ஒரு கிழவி ஏற முடியாமல் விழுந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். சம்மட்டி கடைசிப் பலகை ஓரம் நின்றான். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. நான் கொண்டுபோன துணிமூட்டையைப் போலீஸ்காரர் பிரித்து உதறிப் பார்த்துவிட்டு, அவன் காலடியில் வீசினார்.

"ஆண்டவன் இருக்கான் தம்பி" என்றேன். அதைத்தான் சொல்ல முடிந்தது.

அவன் தலையை ஆட்டினான். இன்ஜின் உறுமியது, பலகையைத் தூக்கிப் பூட்டினார்கள். பலகைக்கு மேலே அவன் முகம் மட்டும் தெரிந்தது. என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி முகத்தை ஆட்டினான். போலீஸ்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், பரவாயில்லை என்று போனேன். கிழிந்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தான்.

"மச்சானுக்குத் தாடை கூடினதும் பேசணும்னு கிளம்புவாரு. நான் திரும்பி வந்து இன்னொரு பக்கத்தையும் ஒடைப்பேன்னு சொல்லுங்க."